வாய்ச்சொல்லுக்கு உடுப்பு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், 1500-க்கும் 1800-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஜெர்மன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ரோமானிய ஒப்பந்தச் சட்டத்தை எப்படித் தங்கள் ஊருக்குத் தகுந்தபடி திருத்திக்கொண்டார்கள் என்று சுருக்கமாகச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செட்டிநாட்டிலிருந்து. கொடுக்கல் வாங்கலில் பழகிய ஊர்கள் என்பதால் கேள்விகளும் காரியமாகவே இருந்தன.

ஒரு ஜோடி பர்மா தேக்குத் தூணைத் தருவதாக ஒருவரிடம் வாயால் சொன்னேன். விலையும் பேசியாகிவிட்டது. அச்சாரம் வாங்கவில்லை, சீட்டும் எழுதவில்லை. மறுநாள் இன்னொருவர் கூடுதலாகக் கேட்கிறார். ‘வெறும் வாய்ச்சொல்லுக்கு வழக்கு இல்லை’ என்பது ரோமானிய விதி என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் என் பேச்சு ரோமில் செல்லாதா?
— பழைய மரச்சாமான் வியாபாரி, காரைக்குடி

செல்லும். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

ரோமானியச் சட்டத்தில் ஒப்பந்தம் உண்டாக நாலு வழி. பொருள் கைமாறுவது ஒன்று: கடன், இரவல், அடைக்கலமாக வைத்த பொருள், அடகு. குறித்த சொல்லைக் கேட்டு, அதே சொல்லால் பதில் சொல்வது இரண்டாவது: ‘வாக்குத் தருகிறாயா?’ ‘தருகிறேன்.’ கணக்கில் பதிவது மூன்றாவது. நாலாவதுதான் வெறும் சம்மதம். ஆனால் அது நாலே நாலு காரியத்துக்கு மட்டும்: விற்பனை, வாடகையும் கூலியும், கூட்டு வியாபாரம், ஒருவர் காரியத்தை இன்னொருவர் இலவசமாக ஏற்றுச் செய்வது. உங்கள் தூண் விற்பனையில் சேர்ந்துவிடுகிறது. பொருள் இன்னது, விலை இவ்வளவு என்று பேசி முடித்த நிமிஷமே ஒப்பந்தம் உண்டாகிவிட்டது.

இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ‘என் தூணை எடுத்துக்கொள், உன் வீட்டு முகப்புக் கதவைக் கொடு’ என்று பேசியிருந்தால் அது விற்பனை ஆகாது, பண்டமாற்று. இரண்டில் ஒன்றாவது கைமாறும்வரை யாரும் யார்மேலும் வழக்குப் போட முடியாது. இதைத்தான் ‘நிர்வாண ஒப்பந்தம்’ என்றார்கள். ரோமானியச் சட்ட அறிஞர்களின் எழுத்துகளைத் திரட்டிய டைஜஸ்ட் என்ற தொகுப்பில் இரண்டாம் புத்தகம், பதினாலாம் தலைப்பு, ஏழாம் துண்டு, நாலாம் பத்தியில் இருக்கிறது அந்த விதி. இடைக்கால இத்தாலிய உரையாசிரியர்கள் இந்த உவமையை விடவே இல்லை. வழக்குப் போட வேண்டுமென்றால் ஒப்பந்தத்துக்கு ஒரு ‘உடுப்பு’ வேண்டும் என்று சொல்லி, எத்தனை உடுப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: உடுப்பில்லாத சொல் வழக்குப் போடத்தான் ஆகாது, தற்காப்புக்கு ஆகும். ‘இந்த வருஷ வட்டியைக் கேட்க மாட்டேன்’ என்று சொன்னவர் பிறகு வழக்குப் போட்டால், கடன்காரர் அந்தச் சொல்லையே எடுத்துக் காட்டி வழக்கைத் தள்ள வைக்கலாம்.

இந்த அமைப்பை முதலில் அசைத்தது தேவாலயச் சட்டம். வாக்குத் தவறுவது பாவம்; உடுப்பு இருந்ததா இல்லையா என்று பாவம் பார்க்காது. போப் ஒன்பதாம் கிரிகோரி 1234-இல் வெளியிட்ட தொகுப்பில் ஒப்பந்தங்களைப் பற்றிய தலைப்பின் முதல் அத்தியாயமே ‘ஒப்பந்தங்கள் காக்கப்பட வேண்டும்’ என்கிறது. ஆனால் அது தேவாலய நீதிமன்றத்து விதி. அதை ஊர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தவர்களில் விட்டன்பெர்க் பேராசிரியர் மத்தேயுஸ் வேசன்பெக் முக்கியமானவர், 1586-இல் இறந்தார். அடுத்த நூற்றாண்டில் சாக்ஸனியில் பெனடிக்ட் கார்ப்ட்சோவ், அவருக்குப் பின் சாமுவேல் ஸ்ட்ரிக் என்று வரிசையாக வந்தவர்களுக்கு இது விவாதப்பொருளாகவே தெரியவில்லை: மனப்பூர்வமாகச் செய்த எந்த உடன்பாட்டுக்கும் வழக்கு உண்டு. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். தேவாலயச் சட்டம் என்றார் ஒருவர், ஜெர்மானியர் சொன்ன சொல் மாறாதவர்கள் என்றார் இன்னொருவர், நீதிமன்ற வழக்கமே அப்படித்தான் என்றார் மூன்றாமவர். ஜெர்மானிய நேர்மை என்ற காரணம் எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பூட்டுவது. எல்லா ஊரிலும் தங்கள் பாட்டன்மாரைப் பற்றி இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

சட்டத்தை மனித அறிவிலிருந்தே பெறலாம் என்ற இயற்கைச் சட்டக்காரர்கள் இதற்கு வேறு அடித்தளம் போட்டார்கள். டச்சுக்காரர் க்ரோஷியஸ் 1625-இல் மூன்று படி காட்டினார்: ‘செய்யலாம் என்றிருக்கிறேன்’ என்பது எண்ணம், ‘செய்வேன்’ என்பது உறுதி, ‘இதைக் கேட்கும் உரிமையை உனக்குத் தருகிறேன்’ என்பதுதான் முழு வாக்கு. சாமுவேல் பூஃபெண்டோர்ஃப் 1672-இல் இதை விரித்து எழுதினார். எதிராளி ஏற்றுக்கொள்ளாமல் வாக்கு முழுமையாகாது என்பதில் இருவரும் ஒன்றுதான்.

வாய்ச்சொல் செல்லும் என்று ஆனபின் சண்டை சாட்சிக்கு நகர்ந்தது. முழு நிரூபணத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். இல்லாவிட்டால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். அதனால்தான் சந்தையில் கைகுலுக்குவதும், சிறு காசைக் கையில் வைப்பதும், பேரம் முடிந்ததும் சாட்சிகளோடு மது அருந்துவதும் நின்றுபோகவில்லை. நம்மூர் அச்சாரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடிப்பது வேறு. அது விலையை மறைக்க, சாட்சி சேர்க்க அல்ல.

இன்று உங்கள் நிலை என்ன? 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி வாய்மொழி விற்பனை செல்லும். முதலாமவர் நிரூபித்தால் நீங்கள் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு.

ஆய்வுக்காக அந்தக் காலத்து லத்தீன் நூல்களைப் பார்க்கிறேன். பக்கத்துக்குப் பத்து இடத்தில் ‘எல். 2. சி. டெ ரெஸ். வெண்ட்.’ என்பதுபோலச் சுருக்கெழுத்து. இதை எப்படிப் பிரிப்பது?
— சட்ட மாணவி, தேவகோட்டை

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். கடைசியில் இருப்பது தலைப்பின் பெயர், அதுவும் பாதி விழுங்கப்பட்டு. ‘டெ ரெஸ். வெண்ட்.’ என்றால் ‘விற்பனையை ரத்துசெய்வது பற்றி’. அதற்கு முன்னால் எந்தத் தொகுப்பு என்ற அடையாளம். ‘சி’ என்ற பெரிய எழுத்து கோடெக்ஸ் என்ற பேரரசர் ஆணைத் தொகுப்பு, பன்னிரண்டு புத்தகம். ‘டி’ அல்லது இரண்டு ‘எஃப்’ சேர்ந்து வந்தால் டைஜஸ்ட், ஐம்பது புத்தகம். குறுக்குக்கோடு போட்ட ‘டி’யை எழுத்தர்கள் வேகமாக எழுதி எழுதி அது இரட்டை ‘எஃப்’ ஆகிவிட்டது. ‘எக்ஸ்’ என்றால் கிரிகோரியின் தேவாலயத் தொகுப்பு. முதலில் நிற்கும் ‘எல்’ ஒரு சட்டத்துண்டு, பக்கத்தில் அதன் எண்.

அடுத்து, அச்சிட்ட ரோமானியச் சட்டத் தொகுதியின் கடைசியில் இருக்கும் அகரவரிசைத் தலைப்பு அட்டவணையில் ‘ரெஸ்கிண்டெண்டா’ என்ற சொல்லைத் தேடினால் நாலாம் புத்தகம், 44-ஆம் தலைப்பு என்று கிடைக்கும். ஆக, இன்றைய முறையில் இது கோடெக்ஸ் 4.44.2. ஒன்று பழகிவிட்டால் மற்றவை தானே வரும்.

எங்கே தவறு வரும்? பத்தியை எண்ணும்போது. ஒரு துண்டின் முதல் பத்திக்கு எண் கிடையாது, ‘தொடக்கம்’ என்று மட்டும் இருக்கும். இரண்டாவது பத்திதான் பத்தி 1. ஆகவே ‘பத்தி 4’ என்றால் ஐந்தாவது பத்தி. இரண்டாவது குழப்பம் சிறிய ‘சி’: அது கோடெக்ஸ் அல்ல, தேவாலயத் தொகுப்பின் அத்தியாயம். ‘சி. 1. எக்ஸ். டெ பாக்டிஸ்’ என்றால் மேலே சொன்ன 1234-ஆம் ஆண்டு அத்தியாயம்தான். ‘எயோட்.’ என்றால் முன்பு சொன்ன அதே தலைப்பு, ‘டி. எல்.’ என்றால் முன்பு சொன்ன அதே துண்டு. எனவே நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் படம் பிடித்து வைத்துக்கொண்டால் திண்டாட வேண்டியதுதான். ‘ஆர்க்.’ என்று முன்னால் வந்தால் உஷாராகுங்கள்: அந்தத் துண்டு விஷயத்தை நேராகச் சொல்லவில்லை, ஆசிரியர் அதிலிருந்து இழுத்துப் பொருத்துகிறார் என்று அர்த்தம். ஒரு வாதத்தின் பலவீனமான இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய பதிப்பின் எண்ணும் 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பின் எண்ணும் சில தலைப்புகளில் ஒன்றிரண்டு தள்ளி நிற்கும். எண் பொருந்தாவிட்டால் பக்கத்துத் துண்டையும் படியுங்கள்.

பங்காளிகள் சேர்ந்து பழைய வீட்டுத் தூண், நிலை, கதவு எல்லாவற்றையும் மூன்றரை லட்சத்துக்குக் கொடுத்துவிட்டோம். அப்போதே எட்டு லட்சம் பெறும் என்று பிறகுதான் தெரிந்தது. ‘பாதி விலைக்குக் கீழே விற்றால் திரும்பப் பெறலாம்’ என்று ஒரு விதி இருந்ததாமே?
— வாசகர், கானாடுகாத்தான்

இருந்தது. அந்த விதிப்படி உங்கள் கணக்கைப் போடுவோம். நியாய விலை எட்டு லட்சம், பாதி நாலு லட்சம். நீங்கள் வாங்கியது அதற்கும் கீழே. எனவே விற்றவர் விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் முடிவு வாங்கியவர் கையில்: பொருளைத் திருப்பிக் கொடுத்து மூன்றரை லட்சத்தைப் பெற்றுக்கொள்ளலாம், அல்லது மீதி நாலரை லட்சத்தையும் கொடுத்துப் பொருளை வைத்துக்கொள்ளலாம். பாதிவரை கொடுத்தால் போதும் என்று ஐம்பதாயிரத்தோடு நிறுத்த முடியாது, முழு விலைக்கும் நிரப்ப வேண்டும். நாலு லட்சத்து ஒரு ரூபாய்க்கு விற்றிருந்தால் ஒன்றுமே கிடைக்காது. கோடெக்ஸ் 4.44.2-இல், டயோக்ளீஷியன் பேரரசர் பெயரில், நிலம் விற்ற ஒருவருக்காகச் சொல்லப்பட்ட விதி இது.

இடைக்காலத்தில் இதை வாங்குபவருக்கும் நீட்டினார்கள். அங்கே கணக்கு உதைத்தது. விலை பத்து என்றால், வாங்குபவர் எவ்வளவு கொடுத்தால் ‘பாதிக்கு மேல் நஷ்டம்’? பத்தில் பாதி ஐந்து, ஆகவே பதினைந்துக்கு மேல் என்றது ஒரு கட்சி. விற்றவர் பெற்றது பொருளின் மதிப்பில் பாதிக்குக் கீழே என்றால், வாங்கியவர் பெற்ற பொருளும் கொடுத்த பணத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும், ஆகவே இருபதுக்கு மேல் என்றது மறு கட்சி. இரண்டுக்கும் தனித்தனியே பெரிய பெரிய பெயர்கள் துணை.

நடைமுறையில் பத்திரம் எழுதுபவர்கள் ‘பாதி விலை நிவாரணத்தைக் கைவிடுகிறேன்’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் அந்த வரி செல்லுமா என்று தனி வழக்கு.

விதியையே அடியோடு வெட்டப் பார்த்தவர் ஹாலே பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் தொமாசியுஸ். 1687-இல் லைப்சிக்கில் லத்தீனை விட்டு ஜெர்மனில் பாடம் நடத்தி ஊரைப் பகைத்துக்கொண்டவர். 1706-இல் இந்த ஒரு துண்டின்மேல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். தலைப்பிலேயே அதை ‘மூளையில் முளைத்த நியாயம்’ என்று கேலி செய்தார். அவர் வாதம் எளிமையானது: பொருளுக்குள் விலை என்று ஒன்று ஒளிந்திருக்கவில்லை, இருவர் ஒப்புக்கொண்டதுதான் விலை. ஏமாற்று இருந்தால் ஏமாற்று என்று வழக்குப் போடு. பாதி, முக்கால் என்று அளவுகோல் பிடிக்காதே. படிக்க ரசமான எழுத்து, ஆனால் சட்டமியற்றியவர்கள் உடனே மசியவில்லை. 1794-ஆம் ஆண்டு பிரஷ்யப் பொதுச் சட்டம் நிவாரணத்தை வாங்குபவருக்கு மட்டும், அதுவும் விலை இரட்டிப்புக்கு மேல் போனால், வைத்துக்கொண்டது. 1811-இன் ஆஸ்திரியச் சட்டம் இருவருக்கும் வைத்தது. 1900-இல் நடப்புக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டத்தொகுப்புதான் பாதி விலை விதியைக் கைவிட்டு, எதிராளியின் இக்கட்டைச் சுரண்டினால் மட்டுமே ஒப்பந்தம் செல்லாது என்றது.

நம்முடைய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் தொமாசியுஸ் பக்கம்தான் நிற்கிறது. 25-ஆம் பிரிவின் உதாரணத்தில் ஆயிரம் ரூபாய்க் குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்றாலும், சம்மதம் தன்னிச்சையாக இருந்தால் செல்லும் என்கிறது. விலை மிகக் குறைவு என்பதை, சம்மதம் உண்மையானதா என்று பார்க்கும்போது நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எனவே உங்கள் கேள்வி ‘எட்டு லட்சமா’ என்பதல்ல. வாங்கியவர் எதையாவது மறைத்தாரா, பொய் சொன்னாரா, பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா என்பதுதான்.

வட்டி வாங்குவது கிறிஸ்தவத்தில் பாவமாக இருந்த காலத்தில் ஜெர்மன் வணிகர்கள் எப்படி வட்டித்தொழில் செய்தார்கள்? எங்கள் முன்னோர் பேரேட்டில் நடப்பு வட்டி, தவணை வட்டி என்று வெளிப்படையாகவே எழுதினார்களே.
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், பள்ளத்தூர்

ரங்கூனில் கூடி மாதாமாதம் நடப்பு வட்டியை முடிவு செய்த கூட்டத்தை அந்தக் கால ஜெர்மன் இறையியலாளர்கள் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். அவர்கள் ஊரில் அதே காரியம் வேறு பெயரில் நடந்தது.

பழைய வழி, ஆண்டு வருமானத்தை விலைக்கு வாங்குவது. நூறு குல்டன் (அந்தக் கால ஜெர்மன் நாணயம்) கொடுத்து, ஒருவர் நிலத்திலிருந்து வருஷத்துக்கு ஐந்து குல்டன் பெறும் உரிமையை வாங்குகிறீர்கள். இது கடன் அல்ல, விற்பனை. இதற்கு விலையும் உண்டு: கொடுத்தவர் நூறைத் திருப்பிக் கேட்கவே முடியாது. விற்றவர் விரும்பினால்தான் நூறைக் கட்டி மீட்கலாம். ஜெர்மன் நாடுகளை உள்ளடக்கிய புனித ரோமானியப் பேரரசின் 1577-ஆம் ஆண்டுக் காவல்முறைச் சட்டம் ஐந்து சதவீதத்தை எல்லையாகச் சொன்னது.

ஆக்ஸ்பர்க் வணிகர்களுக்கு அது போதவில்லை, அசல் திரும்ப வேண்டும். அதற்கு வந்தது முப்பரி ஒப்பந்தம். நூறு குல்டனை ஒரு வணிகரோடு கூட்டு வியாபாரத்தில் போடுகிறீர்கள். லாபப் பங்கு சுமார் பத்து வரலாம் என்று வையுங்கள். இது முதல் ஒப்பந்தம், பாவமில்லை. அடுத்து, அசல் மூழ்காது என்று அவரே காப்புறுதி தருகிறார். அதற்கு உங்கள் பங்கில் மூன்றை விட்டுக்கொடுக்கிறீர்கள். காப்புறுதியும் பாவமில்லை. மூன்றாவது, வருமோ வராதோ என்ற மீதி ஏழு குல்டனை, நிச்சயமான ஐந்து குல்டனுக்கு அவருக்கே விற்றுவிடுகிறீர்கள். விற்பனையும் பாவமில்லை. கூட்டிப் பாருங்கள்: நூறு பத்திரமாகத் திரும்புகிறது, வருஷம் ஐந்து வருகிறது. ‘இது கடன்தானே?’ என்று எதிராளிகள் கேட்டார்கள். ‘மூன்று ஒப்பந்தத்தையும் மூன்று வெவ்வேறு ஆட்களோடு செய்தால் தப்பில்லை என்கிறீர்கள், ஒரே ஆளோடு செய்தால் மட்டும் எப்படித் தப்பாகும்?’ என்பது பதில். பின்னாளில் லூதரோடு மோதிய இங்கோல்ஸ்டாட் பேராசிரியர் யோஹன் எக், 1515-இல் பொலோஞாவுக்கே போய் ஐந்து சதவீதத்துக்காக வாதாடினார். அவருக்குப் பின்னால் ஆக்ஸ்பர்க் வணிகக் குடும்பமான ஃபுக்கர் நிறுவனத்தின் ஆதரவு. 1586-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் இந்த வகை ஒப்பந்தத்தைக் கண்டித்தார், ஆனால் பணம் அதற்குள் பழகிவிட்டது.

முப்பதாண்டுப் போர் முடிந்தபின் 1654-இல் பேரரசுச் சபை இறுதியாக ஐந்து சதவீதத்தைக் கடனுக்கும் ஏற்றுக்கொண்டது. அதோடு நிற்காமல், போர்க்காலத்து வட்டிப் பாக்கியில் முக்கால் பங்கைத் தள்ளுபடி செய்தது. 1938-இல் சென்னை மாகாணத்து விவசாயக் கடன் நிவாரணச் சட்டம் வந்தபோது நம் பக்கத்துக் கடைகளில் என்ன கூக்குரல் எழுந்திருக்குமோ, அதே கூக்குரல் அங்கேயும் எழுந்தது. அந்த 1938 சட்டத்தில் அசலைப்போல் இருமடங்கு கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது என்ற விதி உண்டு. ரோமானியச் சட்டத்திலும் சேர்ந்த வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்றொரு விதி இருந்தது. ஜெர்மன் உரையாசிரியர்கள் அதை விடாமல் எடுத்துச் சொன்னார்கள்.

நாணயம் கெட்ட கதை இன்னும் நெருக்கமானது. 1620-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் சிற்றரசர்கள் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டி நாணயம் அடித்தார்கள். நல்ல நாணயத்தில் வாங்கிய கடனைக் கடன்காரர்கள் அந்தச் செம்பால் அடைத்தார்கள். ‘நாணயத்தின் உள்மதிப்பா, அரசன் வைத்த பெயர்மதிப்பா?’ என்று ஆய்வுரைகள் குவிந்தன. கடன் கொடுத்த நாளின் மதிப்பைப் பார்க்க வேண்டும் என்ற கருத்துக்கு அங்கே பலத்த ஆதரவு இருந்தது. மலேயாவில் ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டில் கடனைத் திருப்பி வாங்கிக்கொண்ட கிட்டங்கிக் கணக்கை உங்கள் வீட்டுப் பேரேட்டில் பார்த்திருந்தால், அந்த ஆய்வுரைகளுக்கு வேறு உரை தேவையில்லை.

பேராசிரியர் எழுதினால் அது சட்டமா? அரசன் போட்ட உத்தரவு எங்கே?
— ஆசிரியர், கோட்டையூர்

பேரரசர் மூன்றாம் லோத்தர் ரோமானியச் சட்டத்தை ஆணையிட்டுப் புகுத்தினார் என்று நெடுநாள் நம்பினார்கள். ஹெர்மன் கோன்ரிங் 1643-இல் அது கட்டுக்கதை என்று காட்டினார். ஆணையால் அல்ல, படித்தவர்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பயன்படுத்தியதால்தான் அது வந்தது என்றார்.

பேராசிரியர்களின் பலம் கோப்பில் இருந்தது. சின்ன ஊர் நீதிமன்றத்தில் சட்டம் படித்தவர் இல்லை. வழக்கு சிக்கலானால் வாதம், எதிர்வாதம், சாட்சி எல்லாம் அடங்கிய கோப்பைக் கட்டி ஒரு பல்கலைக்கழகச் சட்டத்துறைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் படித்துச் சுருக்கம் சொல்ல, துறை கூடி முடிவெடுக்கும். எழுதிவரும் தீர்ப்பை ஊர் நீதிமன்றம் தன் தீர்ப்பாகவே வாசிக்கும். செலவு கட்சிக்காரர்கள் தலையில். பேராசிரியருக்கு இதில் நல்ல வருமானம். அச்சிட்ட தொகுதிகளில் இந்த அபிப்பிராயங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் வரும்: நடந்தது, கேள்வி, சந்தேகத்துக்கான காரணங்கள், முடிவுக்கான காரணங்கள். சந்தேகக் காரணங்களை மட்டும் படித்துவிட்டு அதுதான் ஆசிரியர் கருத்து என்று மேற்கோள் காட்டுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. இந்தக் கோப்பு அனுப்பும் முறை 1879 வரைதான்.

நாலாயிரம் சதுர அடி டைலுக்கு ஒரு விலை பேசி ஆர்டர் எடுத்தேன். பாதி ஊற்றி முடிப்பதற்குள் வெள்ளைச் சிமெண்டும் வண்ணமும் ஏறிவிட்டன. ‘நிலைமை மாறினால் ஒப்பந்தம் மாறும்’ என்ற ஜெர்மன் கொள்கை எனக்கு உதவுமா?
— டைல் பட்டறை உரிமையாளர், ஆத்தங்குடி

அந்தக் கொள்கையின் பிரியர்களே உங்களுக்கு உதவ மாட்டார்கள் என்பதுதான் வருத்தம். ‘எல்லா ஒப்பந்தமும் நிலைமை இப்படியே இருந்தால் என்ற நிபந்தனையோடுதான்’ என்று துணிந்து சொன்னவர் அகஸ்டின் லைசர், 1752-இல் இறந்தவர். அவருக்கு முன்பு 1699-இல் ஹைன்ரிஷ் கோக்சேயி இதே பெயரில் ஓர் ஆய்வுரை வெளியிட்டிருந்தார். க்ரோஷியஸும் பூஃபெண்டோர்ஃபும் இதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். சொன்ன சொல் நிற்கும் என்று அவ்வளவு பாடுபட்டு நிறுவியபின், பின்வாசலைத் திறந்து வைப்பானேன்?

1756-ஆம் ஆண்டு பவேரியச் சட்டத்தில் க்ரைட்மயர் இதற்கு மூன்று பூட்டுப் போட்டார். மாற்றம் உங்கள் தாமதத்தாலோ தவறாலோ வந்திருக்கக் கூடாது. எளிதில் முன்கூட்டி அறியக்கூடியதாக இருக்கக் கூடாது. முன்பே தெரிந்திருந்தால் நீங்கள் ஒப்பந்தமே செய்திருக்க மாட்டீர்கள் என்று, சம்பந்தமில்லாத, விவரமுள்ள மூன்றாம் மனிதர் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் தேதியைப் பாருங்கள். கண்ணாடியில் ஊற்றி, தொட்டியில் ஊறப்போட்டு, காயவைக்க ஆகும் நாள் உங்களுக்குத் தெரியும். ஆர்டர் எடுத்து மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, அதற்குள் விலை ஏறியிருந்தால் முதல் பூட்டிலேயே நின்றுவிடுவீர்கள். உடனே ஆரம்பித்திருந்தாலும் இரண்டாவது பூட்டு இருக்கிறது: சிமெண்ட் விலை ஏறும் என்பது யாருக்குத் தெரியாது? 1794-இன் பிரஷ்யச் சட்டம் இன்னும் கறார். மாறிய நிலைமையைச் சொல்லிப் பொதுவாக மறுக்க முடியாது; இரு தரப்பின் இறுதி நோக்கமே நிறைவேற முடியாமல் போனால்தான் விலகலாம்.

இந்தியாவில் ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு இருக்கிறது, செய்யவே முடியாமல் போன ஒப்பந்தத்துக்கானது. ஆனால் விலை ஏறிவிட்டது என்பது மட்டும் காரணமாகாது என்று 1960-இல் அலோபி பர்ஷாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. செய்ய வேண்டியது அடுத்த ஆர்டர் சீட்டில்: எந்தப் பிராண்டு வெள்ளைச் சிமெண்ட், இன்றைய மூட்டை விலை, இன்ன சதவீதத்துக்கு மேல் ஏறினால் சதுர அடிக்கு இவ்வளவு கூடும், இறங்கினால் இவ்வளவு குறையும். இறங்கினால் என்பதையும் எழுதுங்கள். ஒருபக்கமாக எழுதினால் எதிராளி கையெழுத்துப் போட யோசிப்பார். இந்த ஆர்டருக்கு, பாதி வேலை முடிந்த நிலையில் பேசித் தீர்ப்பதுதான் வழி.

நெல் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். சொந்தக்காரர் விற்றுவிட்டால்?
— வியாபாரி, புதுவயல்

ரோமானியச் சட்டத்தில் புதிய சொந்தக்காரர் உங்களை வெளியேற்றலாம். பழையவரிடம் நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவே. விற்கும்போதே ‘வாடகைதாரர் இருப்பார்’ என்று பேசியிருந்தால் மட்டும் தப்பிக்கலாம். 1794-இல் பிரஷ்யா இதைத் திருப்பிப் போட்டது: விற்பனை வாடகையை முறிக்காது. நம் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆம் பிரிவிலும் வாங்கியவர் பழைய சொந்தக்காரர் இடத்தில்தான் வந்து உட்காருகிறார். கிட்டங்கியைக் காலி செய்ய அவசரப்பட வேண்டாம். வாடகையை யாரிடம் கொடுப்பது என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருக் கடை ஒன்றில் தோல் அட்டை போட்ட லத்தீன் சட்ட நூல் பார்த்தேன். முகப்பில் இரண்டு மூன்று பெயர்கள். யார் ஆசிரியர், எந்த வருஷம் என்று எப்படி அறிவது?
— புத்தகச் சேகரிப்பாளர், காரைக்குடி

முகப்பில் ‘ப்ரேசெஸ்’, ‘ரெஸ்பாண்டென்ஸ்’ என்று இரண்டு பேர் இருந்தால் அது ஓர் ஆய்வுரை. முதலாமவர் தலைமை வகித்த பேராசிரியர், இரண்டாமவர் மேடையில் அதைக் காத்துப் பேசிய மாணவர். எழுதியது யார் என்பது எப்போதும் தகராறுதான். பெரும்பாலான பட்டியல்கள் பேராசிரியர் பெயரில் போடுகின்றன. ‘அவுக்டோர் எட் ரெஸ்பாண்டென்ஸ்’ என்றிருந்தால் மாணவரே எழுதியதாகச் சொல்லிக்கொள்கிறார்.

வருஷம் எழுத்தில் இருக்கும். ‘சி’, ‘ஐ’, திருப்பிப்போட்ட ‘சி’ மூன்றும் சேர்ந்தால் ஆயிரம். ‘ஐ’யும் திருப்பிப்போட்ட ‘சி’யும் சேர்ந்தால் ஐந்நூறு. அதன்பின் ஒரு ‘சி’யும் எழுபத்திரண்டுக்கான எழுத்துகளும் வந்தால் 1672. ஊர்ப்பெயரும் லத்தீனில்தான்: லிப்சியே என்றால் லைப்சிக், ஆர்கெண்டோராட்டி என்றால் ஸ்ட்ராஸ்பர்க். ஃப்ராங்கோஃபுர்ட்டி என்று வந்தால் நிதானியுங்கள். ‘அட் மோயெனும்’ என்றால் மைன் நதிக்கரை ஃப்ராங்க்ஃபர்ட். ‘அட் வியாட்ரும்’ என்றால் ஓடர் நதிக்கரை, ஸ்ட்ரிக் பாடம் நடத்திய ஊர். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர்.

1601 முதல் 1700 வரை ஜெர்மன் மொழிப் பகுதிகளில் அச்சான நூல்களுக்கு ‘ஃபாவ் டே 17’ (VD 17) என்ற பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முகப்பின் முதல் சில சொற்களைத் தட்டுங்கள். நீளமான பழைய ‘எஸ்’ எழுத்தை ‘எஃப்’ என்று படித்தால் ஒன்றும் வராது. கடைக்காரர் விலை சொல்வதற்கு முன் கடைசித் தாளையும் புரட்டிவிடுங்கள். மாணவரைப் பாராட்டி நண்பர்கள் எழுதிய வாழ்த்துப் பாக்கள் அங்கேதான் அச்சாகியிருக்கும்; பழைய ஆய்வுரைகளில் முதலில் கிழிந்து போவதும் அந்தத் தாள்தான்.